அஞ்சாமையும் தன்குற்றம் நாடலும்

திருச்சிற்றம்பலம்

மெய்யன்பர்காள்! உயிர் மேனிலை எய்துதற்கு வேண்டப்படும் குணங்கள் பலவற்றுள்ளும் அஞ்சாமை ஒன்று, தன்குற்றம் நாடல் ஒன்று என இவ்விரண்டனையும் நம் ஆசிரியன்மார் தலையாயவாகக் கொண்டனர். முன்னையது இல்வழி உயிர் மெய்ம்மையை அறிந்தும் அதன்வழி நில்லாது பின்னிடும். பின்னையது இல்வழித் தான் நிற்கும் நிலையே மெய்ம்மை எனக் கொண்டு அங்கேயே தேங்கும். இவ்விரண்டும் ஒருங்கு பெற்றார்க்கும் ஓர் இடையூறு உண்டு. "எனக்கு எவர் துணையும் வேண்டா, என் குற்றத்தை யானே அறிவேன், யானே களைவேன், யான் துணிந்ததே துணிபு" என எழும் தற்சுதந்திரமே அவ்விடையூறு. அஞ்சாமை முதிருமிடத்து அஃது அஞ்சாமையின் வடிவிற் புகும்; தன்னைத் தான் கடிந்துகொள்ளுமிடத்துப் பணிவின் வடிவிற் புகும். பகைவன் பகைவனாகவே வரின் காத்தல் எளிது. நண்பன் வேடத்தோடு வருபவனைக் காத்தல் அரிது. ஆகலின் இம்மூன்றன் இயல்பையும் சித்தாந்த நூல்வழியும் அடியார் வரலாற்று வழியும் நின்று ஈண்டு ஆராய்வாம்.

உயிரின் இயல்பு

சுதந்திரம் என்னும் சொற்கு முழுப்பொருளும் உரியவன் பதி ஒருவனே என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. அவனே பிறிதொன்றனைச் சாராது தானே அறிந்து தானே செய்ய வல்லவன். உயிரோ சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. இருளைச் சாரின் இருளாயும் ஒளியைச் சாரின் ஒளியாயும் நிற்கும் கண்போலவும், அடுத்த பொருளின் நிறத்தைத் தன்கண் காட்டும் படிகம்போலவும் அஃது அமைந்தது. அதனாலன்றோ சிவஞானபோதத்தின் ஏழாஞ் சூத்திரம் அதனைச் சதசத்து என வரையறுத்தது. ஐந்தாஞ் சூத்திரமோ, பொறிகள் உயிரால் அறிந்தும் அவ்வுயிரை அறியாதவாறுபோல, உயிரும் இறைவனால் அறிந்தும் அவனை அறியாது நிற்கும் நிலையைக் காட்டிற்று.

ஒருவன் தன்னிடத்து எழும் துணிவைத் தன்னதென்றே கருதிச் செருக்குகின்றான். அத்துணிவு எழுந்தவாற்றைச் சிறிது நோக்குவாம். கேவலத்தில் உயிரின் இச்சையும் ஞானமும் கிரியையும் ஆணவத்தால் முழுதும் மறைப்புண்டு கிடந்தன. சகலத்தில் இறைவன் மாயையினின்றும் தத்துவங்களைக் கூட்டக் கலை என்னும் தத்துவம் அதன் கிரியையை விளக்கிற்று. வித்தை ஞானத்தை விளக்கிற்று. அராகம் இச்சையை விளக்கிற்று. இருட்டறையிற் கிடந்தானுக்கு ஒருவர் விளக்கேற்றிக் கொடுக்க, அவ்விளக்கொளியிற் சிறிதே கண்டவன், "என் கண்ணே கண்டது, விளக்கு எற்றுக்கு?" என்பானாயின் அவனை என்னென்பது! நம் துணிவும் நம் ஆராய்ச்சியும் இவ்வாறு இரவலாகப் பெற்றனவே. இரவற் பொருளைக் கொண்டு செய்யத்தகுவன செய்தல் வேண்டும். அதனைத் தன்பொருள் என்று செருக்குதல் கூடாது.

அஞ்சாமையின் மூலம்

அற்றேல், உயிர்க்குத் தற்சுதந்திரம் இன்றாயின் அதற்கு அஞ்சாமை யாங்ஙனம் உளதாம்? பிறரைச் சார்ந்து நிற்பான் அஞ்சியன்றோ ஒழுகுவன் எனின், அற்றன்று. அஞ்சாமைக்குத் தற்சுதந்திரம் மூலமாகாது. திருவருட் சார்பே அதற்கு மூலமாம். இதனை நாவுக்கரசர் பெருமான் வாழ்க்கையிற் காண்க. பல்லவ மன்னன் ஏவலால் அமைச்சர் வந்து அழைத்தபோது அவர் அருளிய மறுமாற்றத் திருத்தாண்டகம், எவர்க்கும் குடியாகாமையையும் இயமனுக்கும் அஞ்சாமையையும் ஒருபுறம் முழக்குகின்றது. அவ்வஞ்சாமைக்குக் காரணமாக, எவர்க்கும் ஆட்படாத சங்கரனுக்குத் தாம் மீளா ஆளாயினமையை மற்றொருபுறம் முழக்குகின்றது. அடிமைத்திறமே அஞ்சாமையாயிற்று. நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லொடு பிணித்துக் கடலில் இட்டமையும் அவரை அசைத்தில.

இங்ஙனம் வேந்தன்முன் வளையாத அவர், திருப்பூந்துருத்தியில் யாது செய்தார்? ஆளுடைய பிள்ளையார் எழுந்தருளக் கேட்டு, எவரும் அறியாவாறு கூட்டத்துட் புகுந்து, ஆண்டில் மிகவும் இளையராகிய பிள்ளையாரின் சிவிகையைத் தம் தோளில் தாங்கினார். பிள்ளையார் "அப்பர் யாண்டையார்?" என வினவியபோதே அவர் சிவிகையின்கீழ் நின்றமை வெளிப்பட்டது. வேந்தன் ஆணைக்கு வளையாத தோள், பிள்ளையார் சிவிகைக்குத் தானே சென்று வளைந்தது. அஞ்சாமையையும் வணங்காமையையும் ஒன்றெனக் கொள்வார் இவ்வரலாற்றை நினைவாராக. அஞ்சாதவனே வணங்க வல்லவன். அஞ்சுகின்றவன் வணங்குவது வணக்கமன்று, ஒடுக்கமே.

தன்குற்றம் நாடல்

இனித் தன்குற்றம் நாடலை நோக்குவாம். நம் அருளாசிரியன்மார் தம்மை இகழ்ந்துரைத்தவாறு பிறர் எவரும் அவரை இகழ்ந்திலர். திருவாசகத்து நீத்தல் விண்ணப்பத்தையும், நாவுக்கரசர் தம் இழிவெல்லாம் எடுத்தோதிய பதிகங்களையும் ஓதுவார் நெஞ்சு உருகாதிராது. ஆயின் அம்மொழிகளைக் கடன்கொண்டு நாம் "நாயேன், கடையேன், அறிவிலேன்" என வழங்குமிடத்து ஒரு வேறுபாடு உளது. அவர்கள் உள்ளத்திற் பொங்கியது நம் நாவில் அணியாய் நின்றுவிடுதலும் உண்டு. அவையின்முன் "அடியேன் ஒன்றும் அறியேன்" எனத் தொடங்கிய புலவரை, பேச்சு முடிந்தபின் ஒருவர் அணுகி, "ஐயா, இன்ன இடத்துத் தாங்கள் கூறியது பொருந்தவில்லை" என்பாராயின், தொடக்கத்து மொழிந்த பணிவு எத்துணை நாழிகை நிற்கின்றது என்று காண்க.

ஆணவத்தின் களவு மிக நுண்ணியது. "யானே பெரியன்" என்பது அதன் வெளிப்படையான முகம். "என்போற் பாவி உலகில் எவரும் இலர், எனக்கு உய்தி இல்லை" என்பதும் அதன் முகமே. என்னை? இரண்டிடத்தும் நடுவண் நிற்பது "யான்" ஒன்றே ஆகலின். தன் குற்றம் திருவருளினும் வலிதென்று கருதுகின்றவன், பணிவுடையான் போலத் தோன்றினும், தன்னையே இறைவனினும் மேலாக வைத்தான் ஆவன். அன்றியும் அவன் தன்னை ஓயாது நோவதால் செயலிழந்து அஞ்சாமையையும் இழப்பன்.

ஆகலின் மெய்யாகிய குற்றநாட்டத்தைப் பொய்யானதனின் வேறு பிரித்தறிதற்கு மூன்று குறிகள் கூறுவாம். மெய்யானது ஒரு செயலில் முடியும். பொய்யானது சொல்லில் முடியும். இஃது ஒன்று. தான் தன்னைக் குறித்துக் கூறிய குற்றத்தையே பிறர் கூறக் கேட்டவிடத்து மெய்யானது அமைதியுறும், பொய்யானது வெகுளும். இஃது இரண்டாவது. மெய்யானது தன் குற்றத்தைக் கண்டபின் இறைவன் அருளையே நோக்கி நிற்கும். பொய்யானது தன் குற்றத்தையே நோக்கி நிற்கும். இது மூன்றாவது. இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு நம் உள்ளத்தை நாமே தேய்த்துப் பார்ப்போமாக.

இரு சூலைகள்

அஞ்சாமையும் தன்குற்றம் நாடலும் தற்சுதந்திரமும் ஒருங்கே வந்து கூடும் இடம் ஒன்று பெரிய புராணத்துள் உளது. அஃது ஏயர்கோன் கலிக்காம நாயனார் வரலாறு. அதனை நாவுக்கரசர் சூலைநோயோடு ஒருங்கு வைத்து நோக்கின் விளங்கும் பொருள் பெரிது.

தருமசேனர் என்னும் பெயரோடு சமணத்தில் தலைமை எய்தி இருந்த மருணீக்கியாரைச் சூலை பற்றியது. அங்கு வல்லார் செய்த எதுவும் அதனைத் தணித்திலது. அப்பொழுது அவர் தமக்கையாராகிய திலகவதியாரை நினைந்து ஆள் விடுத்தார். தமக்கையார் அங்கு வர இசைந்திலர். அந்நிலையில் அவர் தம் தலைமையையும், தம்மைச் சூழ்ந்தார் கூறக்கூடிய பழியையும் எண்ணிப் பின்னிட்டிருக்கலாம். அவரோ இரவிடை எழுந்து திருவதிகை சென்று தமக்கையார் அடியில் வீழ்ந்து அவர் கையால் திருநீறு ஏற்றனர். பிற்றைநாளில் வேந்தன்முன் வெளிப்பட்ட வீரம் அவ்விரவிலேயே பிறந்தது என்பது நம் கருத்து. கற்ற கல்வியும் பெற்ற பட்டமும் தம்மைக் காவா எனக் கண்டு, பிறரொருவர் கையை வேண்டி நிற்றலினும் மிக்க ஆண்மை யாது?

இனிக் கலிக்காமரை நோக்குவாம். திருப்பெருமங்கலத்தில் தோன்றி, திருப்புன்கூர்ப் பெருமானுக்குப் பல திருப்பணிகள் புரிந்தவர் அவர். நம்பியாரூரர் பரவையாரிடத்து இறைவனையே தூது விடுத்தார் எனக் கேட்டு அவர் பொறாராயினர். ஆண்டவனை அடியான் ஏவுவதோ என்பது அவர் நெஞ்சின் கொதிப்பு. அக்கொதிப்பு அன்பினின்றும் பிறந்ததே. அதனை நாம் இகழ்தல் ஆகாது. நாயன்மார் செயலை அளக்கும் கோல் நம் கையில் இல்லை. அவர் வரலாற்றினின்று நமக்குரிய பாடத்தை எடுத்துக்கொள்ளுதலே நம் கடன்.

நம்பியாரூரர் அதனைக் கேட்டு யாது செய்தார்? "இறைவன் தாமே இசைந்து சென்றார், இதில் பிறர்க்கு என்னை?" என வழக்குரைத்தாரல்லர். பிழையை உடன்பட்டு இறைவனிடமே முறையிட்டார். இறைவன் கலிக்காமருக்குச் சூலையை அருளி, "இதனைத் தீர்க்க வல்லான் வன்றொண்டன் ஒருவனே" என்றருளினான். வழிவழியாக அடிமை செய்து வந்த தமக்கு அவரால் தீர்தலினும் தீராதிருத்தலே நன்று என்பது கலிக்காமர் கொண்ட துணிபு. நம்பியாரூரர் வருகின்றார் எனக் கேட்டதும், அவர் வருமுன்னரே நோயொடு வயிற்றையும் உடைவாளாற் கிழித்துக்கொண்டார்.

அவர்தம் மனைவியாரோ மானக்கஞ்சாற நாயனாரின் திருமகளார். தந்தையார் அவர் கூந்தலையே திருமணநாளில் மாவிரத முனிவர்க்கு அரிந்தளித்த வரலாறு யாவரும் அறிந்தது. அவ்வம்மையார் கணவரோடு தாமும் உயிர் துறக்க முனைந்த வேளையில் நம்பியாரூரர் வருகை கேட்டு, அழுவாரை அழுகை தவிர்க எனப் பணித்து, அவரை முறைப்படி எதிர்கொள்ளச் செய்தார். "உள்ளே துயில்கின்றார்" எனப் பிறர் கூறவும் நம்பியாரூரர் உட்புகுந்து கண்டார். கண்டதும், "இவர்க்கு இது நேர்ந்தபின் யானும் இவர்வழிச் செல்வேன்" என்னும் உறுதியோடு அவ்வாளைப் பற்றினார். அக்கணமே திருவருளாற் கலிக்காமர் எழுந்து அவர் கையைத் தடுத்தார். நம்பியாரூரர் அவர் அடியில் வீழ, கலிக்காமரும் வாளை விட்டு இவரடியில் வீழ்ந்தார். இருவரும் தோழராய்த் திருப்புன்கூர் சென்று வழிபட்டனர்.

ஈண்டு நுணுகி நோக்குக. தம் உயிர் காக்கும்பொருட்டுப் பிறர் கையை ஏலாத கலிக்காமர், பிறர் உயிர் காக்கும்பொருட்டுத் தம் கையை நீட்டினார். அந்நீட்டிய கையில் "யான்" என்பது இருக்க இடமே இல்லை. வாளாற் போகாத சூலை அக்கை நீண்டபோது போயிற்று. நம்பியாரூரரிடத்து விளங்கியது பிழையை உடன்படும் குற்றநாட்டம். அது வாளெடுக்கும் அளவிற்குச் சென்றவிடத்து அவரையும் பிறரொருவர் கையே காத்தது. துணிவு மிக்கார்க்கும் தம்மைத் தாம் நொந்தார்க்கும் ஒப்ப வேண்டப்படுவது அடியார் கூட்டம் என்பதனை இதனினும் தெளிய உரைக்கும் வரலாறு பிறிதில்லை.

சுட்டிய விரல்

தன் குற்றத்தைத் தானே முழுதும் காண்டல் ஏன் இயலாது எனின், கண் தன்னைத் தான் காணாதாகலின் என்க. சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பட்ட அருணந்தி தேவர் ஆகமங்கள் அனைத்தையும் கரைகண்டவர். ஆணவ மலத்தின் இலக்கணத்தை அவர்போல் விரித்துரைக்க வல்லார் அக்காலத்து எவர்? எனினும் திருவெண்ணெய்நல்லூரில் இளம்பருவத்தினராகிய மெய்கண்டாரிடம் சென்று, ஆணவத்தின் வடிவு யாது என வினவியபோது, மெய்கண்டார் ஒன்றும் உரையாது அவரையே சுட்டிக் காட்டினார் என்பது வரலாறு. நூலிற் கண்ட பொருளைத் தம்மிடத்துக் காண அவர்க்கு மற்றொருவர் விரல் வேண்டியிருந்தது. அவ்விடத்து அவர் வெகுளாது வீழ்ந்து வணங்கினமையாலன்றோ சிவஞான சித்தியாரும் இருபா இருபஃதும் நமக்குக் கிடைத்தன! அன்று அவர் தம் பட்டத்தைக் காத்துக்கொண்டு மீண்டிருப்பாராயின் நம் சாத்திரம் பதினான்கும் இன்றுள்ள வடிவில் இரா.

திருவள்ளுவனார் அதிகார வைப்பும் இதற்குச் சான்றாகும். 44ஆம் அதிகாரம் குற்றங்கடிதல். அதனை அடுத்த 45ஆம் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல். அதனை அடுத்த 46ஆவது சிற்றினம் சேராமை. தன் குற்றம் கடிய எழுந்தவன் அடுத்து நாடவேண்டுவது பெரியார் துணை என்பதும், அத்துணையையும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்பதும் இவ்வைப்பு முறையால் இனிது பெறப்படும்.

நம் ஐந்தெழுத்தும் இதனையே உணர்த்துகின்றது. சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும், நகரம் திரோதத்தையும், மகரம் மலத்தையும் குறிக்கும். ஒருபால் சிவமும் அருளும், மற்றொருபால் திரோதமும் மலமும் நிற்க, உயிர் இடையில் நிற்கின்றது. எதனையும் சாராது தனித்து நிற்பேன் என்று உயிர் முனையுமாயின் அது தனித்து நிற்பதில்லை. மலத்தின் பக்கமே சரிகின்றது. தற்சுதந்திரம் என நாம் பெயரிட்டழைப்பது மலத்திற்கு அடிமைப்பட்டமையே என்பது இதனால் தெளிவாம். சிவஞானபோதத்து இறுதிச் சூத்திரமும் நோக்கத்தக்கது. இறைவன் திருவடியை மறவா அன்பால் அணைந்த நிலையைப் பதினோராஞ் சூத்திரத்தில் ஓதியபின்னும் நூல் முடிந்திலது. பன்னிரண்டாஞ் சூத்திரம் அச்சீவன்முத்தனையும் அன்பரொடு கூடி, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் வழிபட்டிருக்கப் பணிக்கின்றது. முத்தி நிலை எய்தினார்க்கே கூட்டம் வேண்டுமாயின், நம்மனோர்க்கு வேண்டா என்பது எங்ஙனம்?

ஓர் ஐயமும் அதன் நீக்கமும்

அற்றேல், ஆசிரியர்க்கும் கூட்டத்திற்கும் உட்பட்டு நிற்பதாயின், கூட்டம் தவறுமிடத்தும் வாய்வாளாது இருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. உமாபதி சிவாசாரியர் வரலாறு இவ்வையத்தை நீக்கும். தில்லையிற் பகலில் தீவட்டி முன்செல்லச் சிவிகை ஊர்ந்து வந்த அவரை நோக்கி மறைஞான சம்பந்தர் இரண்டொரு சொல்லால் இடித்துரைத்தார். அவர் உடனே சிவிகையினின்றும் இழிந்து அவரைப் பின்தொடர்ந்தார். ஆசிரியர் நெய்வார் இல்லத்திற் கஞ்சியைக் கையால் ஏற்றுப் பருக, அக்கையினின்றும் ஒழுகியதனைத் தாம் பருகினார். அதுபற்றித் தில்லைவாழ் அந்தணர் அவரை விலக்கினர். அவர் அவ்விலக்கிற்கு அஞ்சித் தம் ஆசிரியரைத் துறந்திலர். விலக்கினார் என்பதுபற்றித் தில்லைப் பெருமானைத் துறந்தாரும் அல்லர். கொற்றவன்குடியில் வாழ்ந்திருந்து, திருவிழாவிற் கொடி ஏறாதிருந்த காலத்துக் கொடிக்கவி பாடி அக்கோயிற் கொடியையே ஏற்றுவித்தார். கூட்டத்தின் தவற்றிற்கு உடன்படாமை அவரது அஞ்சாமை. சிவிகையினின்று இழிந்தமை அவரது குற்றநாட்டம். விலக்குண்டும் விலகாமை அவர் தற்சுதந்திரத்தை வென்றமை. சங்கற்ப நிராகரணத்தைச் சகம் 1235இல், அஃதாவது கி.பி. 1313இல் இயற்றிய அவ்வாசிரியர், பிற கொள்கைகளை மறுத்தற்கு முன்னரே தம் சிவிகையை மறுத்தவர்.

அணித்தாகிய காலத்தும் ஒரு சான்று காட்டுவாம். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பார்சிவல் பாதிரியார்கீழ் ஊதியம் பெற்றுச் செய்த தொழிலை 1848இல் விடுத்துச் சைவப்பணியே பணியாகக் கொண்டார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதிப் பிறர் கூறிய பழிப்புக்களை மறுத்தார். அவ்வளவின் அமையாது, 1872இல் யாழ்ப்பாணச் சமயநிலை எழுதித் தம்மவரிடத்துள்ள குறைகளையே எடுத்துக் கடிந்தார். புறத்தாரை மறுக்க எழுந்த துணிவு அகத்தாரைத் திருத்தவும் எழுந்தது. இத்துணை அஞ்சாமையுடைய அவர், நாவலர் என்னும் பட்டத்தைத் தாமே சூடிக்கொண்டாரல்லர். 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்து அவர்தம் புலமை அறிந்தார் வழங்க ஏற்றார்.

நாம் செய்யத்தகுவன

இனி, இவற்றால் நாம் கொள்ளத்தகுவன யாவை? பீடம் உயருந்தோறும் குற்றம் கூறுவார் குறைவர். புகழ் பெருகுந்தோறும் இடித்துரைப்பார் அகல்வர். ஆகலின் உயர்ந்த இடத்திருப்பார் தம்மை இடித்துரைக்க வல்லார் ஒருவரையேனும் தாமே தேடி அருகிருத்திக்கொள்ளுதல் வேண்டும். ஆசிரியராயிருப்பார், மாணவன் ஐயம் எழுப்புமிடத்து அதனை அடங்காமை எனக் கொள்ளாது, பொருந்துமாயின் அவையிலேயே உடன்படுதல் வேண்டும். அவ்வுடன்பாடு மாணவனுக்குப் பத்து நூல் பயிற்றியதனினும் மிக்க பயன் தரும். மாணவராயிருப்பார், ஐயத்தை நெஞ்சிற் புதைத்து வைத்துப் புறத்தே தலையசைத்தலைப் பணிவென்று எண்ணாது, வணங்கி எழுந்து வினவுதல் வேண்டும். அச்சிட்ட நூல்களைத் தாமே கற்றுத் தாமே துணிவார் இந்நாளிற் பலராயினர். கற்றல் நன்று, ஆயினும் தம் துணிபைக் கற்றார் அவையில் ஒருமுறையேனும் வைத்துத் திருத்தம் பெறாத கல்வி, உரைக்காத பொன்போல மாற்றறியப்படாததே.

நாள்தோறும் இரவில் துயிலுமுன் திருவைந்தெழுத்தை ஓதுங்கால், "இன்று யான் அஞ்சி உரையாது விட்ட மெய் யாது? இன்று யான் உடன்படாது விட்ட பிழை யாது? இன்று யான் வேண்டாவெனத் தள்ளிய நற்றுணை யாது?" என்னும் மூன்று வினாக்களையும் நம்மை நாமே வினவுவோமாக. விடை ஒன்றேனும் கிடைக்குமாயின் மறுநாட் காலையில் அதற்குரிய செயலொன்றனைச் செய்வோமாக. அவ்வளவில் நின்று, எஞ்சியதனைத் திருவருளிடத்து ஒப்புவித்துத் துயில்வோமாக. தசகாரியத்துள் ஆன்மசுத்தி எனப்படும் நிலை தற்போதம் கழன்று திருவருளில் அடங்குதலாம். அப்பெருநிலைக்கு ஏறும் படிகளுள் நம்மனோர் காலுக்கு எட்டும் முதற்படி இதுவே.

வேந்தன்முன் நிமிர்ந்த தலையும், சிவிகைக்கீழ் வளைந்த தோளும், வாளை விடுத்து வணங்கிய கையும் நமக்கும் ஒருசிறிதாயினும் வாய்க்குமாறு தில்லைக்கூத்தன் திருவருளை வேண்டி அமைகின்றாம்.

திருச்சிற்றம்பலம்